ஸ்தோத்திரம் சொன்ன சோற்றைப் பயமில்லாமல் சாப்பிடுவது எப்படி?

"இந்த ஆகாரத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று கண்மூடி ஜெபித்துவிட்டு, கண்ணைத் திறந்ததும் தட்டில் இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்களும் இருக்கிறார்கள், ஆனால் என்னிடம் வாய்விட்டுச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நான் குமரி மாவட்டத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையில் உணவு ஆலோசகர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் வாலிபப் பெண்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான் வருகிறது: "அக்கா, சோறு சாப்பிடலாமா?"

சாப்பிடலாம். அரிசியில் பாவம் இல்லை. ஆனால் இந்த ஒரு பதிலில் பயம் போய்விடாது. பள்ளிக்கூடத்தில் யாரோ 'குண்டு' என்று பெயர் வைத்ததில் தொடங்கி, ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கிற வாரத்தில் "கல்யாணத்துக்குள்ள ஒரு பத்து கிலோ குறைச்சிரு" என்று அத்தை சொன்னது வரை, வருஷக்கணக்கில் சேர்ந்த பயம் அது. இப்போது கைபேசியைத் திறந்தால் கீட்டோ, பேலியோ, பதினாறு மணி நேர விரதம் என்று ஆளுக்கொரு சட்டம். இவற்றில் சில வசனத்தையும் சேர்த்துக்கொண்டு சபையின் வாட்ஸ்அப் குழுக்களுக்குள்ளேயே வந்துவிட்டன. எனக்கு அதிக வருத்தம் தருவது அதுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வசனத்தை முழு அதிகாரமாக வாசியுங்கள்

எடை குறைக்கச் சொல்கிறவர்கள் அதிகமாக எடுப்பது 1 கொரிந்தியர் 6:19. உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று சொல்லிவிட்டு, உடனே இடுப்பளவுக்குப் போய்விடுவார்கள். ஒரு வசனம் முன்னே போய் வாசியுங்கள். "வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்" என்று இருக்கும். பவுல் கொரிந்து பட்டணத்தின் வேசித்தனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். இடுப்பளவைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள் என்கிறார். நீங்கள் ஒல்லியான பிறகு செலுத்தலாம் என்று அந்தக் கிரயம் காத்திருக்கவில்லை.

அடுத்தது தானியேல் உபவாசம். "பருப்பும் தண்ணீரும், ஆவியிலும் பெலன், எடையும் குறையும்" என்று அனுப்புகிறார்கள். தானியேல் ராஜாவின் போஜனத்தை ஒதுக்கியது தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்ளாமல் இருப்பதற்காக. பத்து நாள் கழித்து அவனும் அவன் நண்பர்களும் எப்படி இருந்தார்கள் என்று முதல் அதிகாரம் 15-ஆம் வசனம் சொல்கிறது: முகம் களையாகவும், சரீரம் புஷ்டியாகவும். ராஜாவின் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களைவிட இவர்கள் சதைப்பிடிப்போடு இருந்தார்கள்! அந்த அதிகாரத்தை மெலிவதற்கான திட்டமாக மாற்ற வேண்டுமென்றால் 15-ஆம் வசனத்தை மறைத்துத்தான் மாற்ற முடியும்.

இப்போது ஒரு நோட்டை எடுங்கள். சாப்பாட்டைப் பற்றி உங்கள் மனதில் ஓடுகிற சட்டங்களை எல்லாம் எழுதுங்கள். ராத்திரி சோறு கூடாது, தேங்காய் கூடாது, வாழைப்பழம் கூடாது, ஏழு மணிக்கு மேல் எதுவும் கூடாது. ஒவ்வொன்றுக்கும் நேரே அதை யார் சொன்னது என்று எழுதுங்கள். மாமியார், ஜிம் மாஸ்டர், யூடியூப், கூட வேலை பார்க்கிறவர், டாக்டர், ஆண்டவர். வகுப்பில் இதைச் செய்யும்போது ஆண்டவர் பெயருக்கு நேரே ஒன்றும் வருவதில்லை. டாக்டர் பெயருக்கு நேரே ஒன்றிரண்டு வரும், அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் கொலோசெயர் 2:21-இல் பவுல் கேட்கிற "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" வகை. அந்தப் பக்கத்தின் கீழே 1 தீமோத்தேயு 4:4-ஐ எழுதிக்கொள்ளுங்கள்: "தேவன் படைத்ததெல்லாம் நல்லதாயிருக்கிறது, ஸ்தோத்திரத்தோடே ஏற்றுக்கொள்ளப்படுமாகில் ஒன்றும் தள்ளப்படத்தக்கதல்ல."

பட்டினிக்குப் பின்னால் வருவது என்ன?

பகலெல்லாம் ஒரு ஆப்பிளும் பிளாக் டீயுமாக இருந்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு அடுக்களையில் நின்றபடியே அரை டப்பா முறுக்கைக் காலி செய்து, அப்புறம் அழுகிற பெண்களை எனக்குத் தெரியும். "எனக்கு இச்சையடக்கம் இல்லை அக்கா, ஜெபித்தும் முடியவில்லை" என்பார்கள். அவர்களுக்கு நான் காட்டுவது 1 சாமுவேல் 14-ஆம் அதிகாரம்.

பெலிஸ்தரோடு யுத்தம் நடக்கிறது. சாயங்காலம் வரை எவனாவது சாப்பிட்டால் அவன் சபிக்கப்பட்டவன் என்று சவுல் ஜனங்களுக்கு ஆணையிடுகிறான். ஆண்டவர் கேட்காத உபவாசம். காட்டில் தேன் ஒழுகிக்கொண்டிருக்கிறது, ஒருவனும் தொடவில்லை. தகப்பன் இட்ட ஆணையைக் கேள்விப்படாத யோனத்தான் மட்டும் கோலை நீட்டித் தேனைத் தொட்டு வாயில் வைக்கிறான். அவன் கண்கள் தெளிகின்றன. மற்றவர்கள் என்ன ஆனார்கள்? பொழுது சாய்ந்ததும் கொள்ளையின்மேல் பாய்ந்து, ஆடுமாடுகளைத் தரையிலே போட்டு அடித்து, இரத்தத்தோடு தின்கிறார்கள். இரத்தம் கூடாது என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த நியாயப்பிரமாணம். பட்டினி அதையும் மறக்கவைத்தது. யோனத்தான் சவுலைத்தான் குற்றம் சொன்னான், ஜனங்களை அல்ல.

அறிவியலும் இதையேதான் கண்டது. அந்த ஆராய்ச்சியில் உடம்பைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் விசுவாசிகள் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஐரோப்பாவில் ஜனங்கள் பட்டினியில் கிடந்தார்கள். அவர்களுக்குத் திரும்ப எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள, அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 1944-45-இல் ஒரு பரிசோதனை நடத்தினார். 36 இளைஞர்கள் முன்வந்தார்கள். மனச்சாட்சியின் காரணமாகத் துப்பாக்கி எடுக்க மறுத்தவர்கள். பலர் குவேக்கர், மென்னோனைட், பிரதரன் சபைகளைச் சேர்ந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 1,570 கலோரி அளவில் சாப்பாடு. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி, டர்னிப் கிழங்கு.

உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. அதோடு நிற்கவில்லை. சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள், கனவு கண்டார்கள். சமையல் புத்தகம் வாசித்தார்கள். தட்டை நக்கினார்கள். எப்போதும் குளிர், எரிச்சல், மனச்சோர்வு, கூட்டத்திலிருந்து விலகினார்கள். பரிசோதனை முடிந்ததும் ஆயிரக்கணக்கான கலோரி சாப்பிட்டும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. பசித்தவர்களுக்காகத் தங்களையே பட்டினிக்குக் கொடுத்த உறுதியான வாலிபர்கள் இவர்கள். இவர்களுக்கா இச்சையடக்கம் இல்லை?

இன்று நமக்கு விற்கப்படுகிற பல டயட் அட்டவணைகளில் 1,200 கலோரி என்று இருக்கிறது. மின்னசோட்டாவில் கொடுத்ததைவிடக் குறைவு. அதனால் ராத்திரி டப்பாவைத் திறக்கிற சகோதரிக்கு நான் முதலில் சொல்வது, இன்னும் அதிகமாக உபவாசியுங்கள் என்பதல்ல. காலையில் சாப்பிடுங்கள் என்பதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்

முதல் மாதம் இதை மட்டும் செய்தால் போதும். காலை எட்டு மணியை ஒட்டி, மதியம் ஒரு மணியை ஒட்டி, ராத்திரி எட்டு மணியை ஒட்டி மூன்று வேளை சாப்பாடு. சாயங்காலம் டீயோடு சுண்டலோ கடலையோ ஒரு ஏத்தம்பழமோ. பசி இல்லை என்று தோன்றினாலும் கொஞ்சமாவது. பல வருஷம் டயட்டில் இருந்த உடம்புக்குப் பசியைச் சரியாகச் சொல்லத் திரும்பவும் பழக நாளாகும். ஒவ்வொரு வேளையிலும் பயறு, மீன், முட்டை, தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். வயிறு நிறைந்த உணர்வு கொஞ்ச நேரம் நிற்கும். சாளையும் நெத்திலியும் விலை குறைவு, சத்தோ அதிகம்.

உட்கார்ந்து சாப்பிடுங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் சட்டியில் ஒட்டியதை நின்றுகொண்டே வழித்துச் சாப்பிடுவது தாழ்மை ஆகாது. போவாசின் வயலில் ரூத்துக்கு அறுவடைக்காரர்களோடு உட்கார இடம் கிடைத்தது. திருப்தியாகச் சாப்பிட்டாள், மீந்ததை மாமிக்கு எடுத்துவைத்தாள். ஜெபித்துவிட்டுச் சாப்பிடத் தொடங்குங்கள். பாதியில் ஒருமுறை கையை நிறுத்தி, பசி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்னும் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நிறுத்துங்கள், அடுத்த வேளை வரத்தான் போகிறது.

இந்த இடத்தில் மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் இப்போது அதைப் பார்த்தாலே "முழுக்கக் கார்போ" என்று பயப்படுகிறார்கள். 1956 வரை எங்கள் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. மரச்சீனியை ஜனங்களிடம் பரப்பியவர் 1880-களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது எங்கள் தாத்தா பாட்டிமாரின் உயிரைப் பிடித்துவைத்தது இந்தக் கிழங்குதான். நாலு துண்டு அவித்த கிழங்கும் மீன்கறியும் வைத்து ஆண்டவருக்கு நன்றி சொல்லும்போது, அவர்களையும் நினைத்து நன்றி சொல்லலாம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அளவு உண்டு. அதை உங்கள் பரிசோதனை முடிவைப் பார்த்து உங்கள் ஆலோசகர் சொல்லட்டும்.

எடைக் கருவியை என்ன செய்வது?

வீட்டில் இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காலையில் முதலில் பார்ப்பது வேதமா, எடையா என்று கேட்டால் பலருக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. எடைக்கும் உயரத்துக்கும் கணக்குப் போடுகிற பி.எம்.ஐ.யின் சூத்திரத்தைத் தந்தவர் அடோல்ப் கெட்லே. பெல்ஜியத்து வானியல், புள்ளிவிவர அறிஞர், மருத்துவர் அல்ல. 1830-களில் ஒரு ஜனக்கூட்டத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று அறிய அவர் போட்ட கணக்கு அது. 1972-இல் அதற்குப் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தவர்கள் மேலே சொன்ன அதே ஆன்செல் கீஸும் அவர் குழுவும்தான். மருத்துவமனையில் நாங்களும் அதைப் பார்க்கிறோம். இரத்தத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், இடுப்பளவு என்ற பல குறிப்புகளில் அதுவும் ஒன்று. நம் நாட்டில் ஒல்லியாக இருக்கிற எத்தனையோ பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அந்த ஒரு எண் உங்கள் ஆரோக்கியத்தையே முழுதாகச் சொல்லாது. நீங்கள் யார் என்பதைச் சொல்லவே சொல்லாது. மருத்துவமனையில் எடை பார்க்கும்போது, "எனக்கு எண்ணைச் சொல்ல வேண்டாம் சிஸ்டர்" என்று தாராளமாகக் கேட்கலாம்.

அலமாரியில் 'எடை குறைந்ததும் போடுவேன்' என்று வைத்திருக்கிற பிளவுஸ்களை எடுங்கள். உள்ளே தையல் விட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லித் தையல்காரரிடம் கொடுங்கள். இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிட்டு, இன்றைய அளவுக்கு நல்லதாக ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். கவலைப்பட்டு எவன் தன் சரீர அளவோடு ஒரு முழத்தைக் கூட்டுவான் என்று இயேசு கேட்டார். கவலையால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நடங்கள், உடம்புக்கு நல்லது, மனதுக்கும் நல்லது. ஆனால் சாப்பிட்ட இரண்டு முந்திரிக்கொத்துக்குத் தண்டனையாக நடக்காதீர்கள்.

லெந்து நாட்களில்

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறுகளை நீக்கி நாற்பது நாள். டயட் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஆபத்தான காலம், ஏனென்றால் பட்டினிக்கு ஒரு பக்தியான பெயர் கிடைத்துவிடுகிறது. தொடங்கும்முன் ஆண்டவர் சமுகத்தில் நேர்மையாக ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த நாற்பது நாளில் ஒரு கிராம்கூடக் குறையாது என்று தெரிந்தால் இந்த உபவாசத்தை எடுப்பேனா? மாட்டேன் என்றால், இந்த வருஷம் சாப்பாட்டை விட வேண்டாம். கைபேசியில் உடம்பைக் காட்டுகிற பக்கங்களை விடுங்கள், கண்ணாடி முன் நின்று உங்களையே வைவதை விடுங்கள். அது சாப்பாட்டை விடுவதைவிடக் கடினம்.

கறி மீன் விடுகிறவர்கள், அந்தக் காசை எடுத்து வையுங்கள். ஏசாயா 58-இல் ஆண்டவர் கேட்கிற உபவாசம், பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பது. மிச்சமான காசு பசித்த ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரவில்லையென்றால் அது உபவாசமாகவில்லை. கத்தோலிக்கச் சபையே உபவாசக் கடமையை 18 முதல் 59 வயது வரை என்று வரையறுத்து, நோயாளிகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. நம்மில் சிலர் ஏழு மாதக் கர்ப்பத்தோடும் உபவாசம் எடுக்கிறார்கள். வேண்டாம். திருவிருந்து எடுக்க வெறும் வயிற்றில் வருகிற வழக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தால், சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் அப்படித்தான். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆண்டவர் உங்களை அந்தப் பந்தியிலிருந்து எழுப்பிவிட மாட்டார்.

ஆலய வாசலில்

"என்ன மக்ளே, நல்லா தடிச்சிட்டியே!" என்று ஒரு மாமி கேட்பார். அன்பாகத்தான் கேட்கிறார், ஆனால் அந்தப் பிள்ளை அன்று மதியம் சாப்பிடாது. பதில் நீளமாக வேண்டாம். "ஸ்தோத்திரம் மாமி, சுகமா இருக்கேன். உங்க முட்டுவலி இப்ப எப்படி இருக்கு?" என்று பேச்சை மாற்றிவிடலாம். தாயாக இருந்தால் உங்கள் மகளுக்காக அங்கேயே, மரியாதையாக, "மாமி, அவ உடம்பப் பத்திப் பேச வேண்டாம், படிப்பப் பத்திக் கேளுங்க" என்று சொல்லுங்கள். மகள் அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். மெலிந்தவர்களைப் புகழ்வதையும் நிறுத்த வேண்டும். "சூப்பரா இளைச்சிட்டே!" என்று நாம் பாராட்டுகிறவர் டிபியிலோ, துக்கத்திலோ, சாப்பிட்டதை வாந்தி எடுத்தோ இளைத்திருக்கலாம்.

பெருந்தீனி பாவமில்லையா என்று யாராவது கேட்பார்கள். பாவம்தான். ஆனால் அதை ஒருவருடைய உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எசேக்கியேல் 16:49-இல் சோதோமின் அக்கிரமம் என்று ஆண்டவர் சொல்வதில் ஆகாரத்திரட்சி, அதாவது மிதமிஞ்சிய சாப்பாடு, இருக்கிறது. எளியவனின் கையைப் பலப்படுத்தாததும் கூடவே இருக்கிறது. கொரிந்து சபையில் பவுல் கண்டித்தது, ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் முந்திக்கொண்டு சாப்பிட்டதை. பக்கத்து இலை காலியாயிருக்கிறதைப் பாராமல் தின்பதுதான் அது. ஒல்லியான ஆளும் அதைச் செய்யலாம். இயேசுவையே போஜனப்பிரியன் என்றார்கள், அவர் ஆயக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட்டதால். என் அம்மா ஊர்ப்பக்கம், திருநெல்வேலி கிராமத்துச் சபைகளில், அசனப் பண்டிகைக்கு ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றையும் ஒரே குழம்பையும் சாப்பிடும். அந்தப் பந்தியில் உட்கார்ந்து "நான் டயட்" என்று சொல்லாதீர்கள். இலையைப் போட்டுச் சாப்பிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுங்கள்.

மருத்துவர் சொன்னால்

சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் என்று காரணம் சொல்லி மருத்துவர் அளவு குறைக்கச் சொன்னால் கேளுங்கள். பவுலே தீமோத்தேயுவின் வயிற்றுக்காக ஆலோசனை எழுதியிருக்கிறார். எடைக்கென்று இப்போது ஊசிகள் வந்திருக்கின்றன. மருத்துவர் எழுதினால் அது மருந்து, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் "எத்தனை கிலோ குறைக்கணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்தப் பரிசோதனை முடிவு மாறவேண்டும், அதற்கு என்னென்ன வழி உண்டு, எதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள்.

கடைசியாக, வாலிபப் பிள்ளைகளைக் கவனியுங்கள். மாதவிடாய் நின்றுபோவது, சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய் வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை வாங்கிப் போடுவது, முடி கொட்டுவது, தலைசுற்றல், எல்லோரோடும் சாப்பிட மறுத்து ஒளிந்து சாப்பிடுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் திட்டாதீர்கள், உபவாசக் கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போகாதீர்கள். இது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய நோய்; இருதயத் துடிப்பே தடுமாறும். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்திருந்த எலியாவுக்கு ஆண்டவர் முதலில் அனுப்பியது பிரசங்கம் அல்ல. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். அவன் சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டபோதும் தூதன் கண்டிக்கவில்லை, இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், அதே வாரத்தில் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அழைத்துப்போங்கள். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.